கத்தி வைத்தால் மட்டும் பிள்ளை பிழைக்குமா?

தோட்டத்துத் தாய்மார்களே, குடும்பத்தினரே!

வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்கும் சிசேரியன் உலகெங்கும் பெருகி வருகிறது. ஐந்து பிரசவங்களில் ஒன்றுக்கு மேல் இப்படித்தான் நடப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் கூறியது. "ஆபரேஷன் பண்ணிட்டா பிள்ளைக்குப் பயமே இல்லை" என்று நம்மவர் பலர் பேசிக்கொள்கிறார்கள். இது சரியா?

கணக்கைப் பார்ப்போம். நம் உறவினர் வாழும் இந்தியாவில் 2019-21இல் குடும்பநலக் கணக்கெடுப்பு நடந்தது. தெலுங்கானாவில் நூறு பிரசவங்களில் 60க்கு மேல் சிசேரியன். ஆனாலும் பிறந்த ஒரு மாதத்துக்குள் ஆயிரத்துக்குச் சுமார் 17 குழந்தைகள் இறந்தன. கேரளாவில் சிசேரியன் 39. இறந்த குழந்தைகளோ 3 அல்லது 4தான். நூற்றுக்கு 10க்கு மேல் சிசேரியன் கூடுவதால் தாய்சேய் மரணம் குறைவதாகத் தெரியவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனமே 2015இல் அறிவித்தது.

நம் நாட்டில் 1957இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 75 ஒரு வயதுக்குள் மாண்டன. இன்று பத்துக்கும் குறைவு. கிளினிக், பயிற்சி பெற்ற மிஸ்ஸி, தடுப்பூசி, சுத்தமான தண்ணீர் ஆகியவற்றுக்கு இதில் பெரும் பங்குண்டு.

அப்படியானால் கத்தியே கூடாதா? அப்படியல்ல. குழந்தை குறுக்கே கிடந்தாலோ, நஞ்சுக்கொடி வழியை அடைத்தாலோ, பிள்ளையின் இதயத் துடிப்பு தளர்ந்தாலோ சிசேரியன்தான் உயிர் காக்கும். அப்போது "மாமியாரைக் கேட்கணும்" என்று கையெழுத்துப் போடத் தயங்குவது பேராபத்து.

ஆனால் நல்ல நட்சத்திரம் பார்த்து, 39 வாரத்துக்கு முன்பே காரணமின்றிப் பிள்ளையை எடுக்கச் சொல்வது தவறு. பிரசவ வலி வரும்போதுதான் பிள்ளையின் நுரையீரலில் உள்ள நீர் நன்றாக வற்றுகிறது. அதற்கு முன் எடுத்தால் மூச்சுத்திணறல் வரக்கூடும். தாய்க்கும் அடுத்த பேறுகாலத்தில் பழைய தழும்பு பிரியலாம். நஞ்சுக்கொடி அதில் ஒட்டிக்கொள்ளலாம்.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை:

1. நாள் தள்ளியதும் காப்பார் அரசாங்கக் கிளினிக்கில் பதியுங்கள், தவணை தவறாதீர்கள்.

2. உங்கள் பிரசவப் புத்தகத்தில் என்ன நிறம் ஒட்டியிருக்கிறது என்று மிஸ்ஸியிடம் கேளுங்கள். சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி.

3. இரவில் வலி எடுத்தால் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போக வாகனத்தை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

4. டாக்டர் ஆபரேஷன் என்றால், "எதனால டாக்டர்?" என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை.

5. எப்படிப் பிறந்தாலும் பிள்ளையைத் தாயின் மார்போடு சூடாக வைத்து, முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுங்கள்.

தேவைப்படும்போது கத்திக்கு அஞ்சாதீர்கள். தேவையில்லாதபோது அதைக் கேட்டு வாங்காதீர்கள்.