சிமெண்டுத் தரைக்குத் தண்ணீர் எப்பொழுது?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டின் பின்புறம் ஓர் அடுக்களை கட்டினோம். சேமிப்பில் பெரும்பகுதி அதற்கே சென்றது. ஓராண்டு முடிவதற்குள் கான்கிரீட் தரையில் வெடிப்புகள் தோன்றின. பெருக்கும்பொழுதெல்லாம் மாவுபோல் தூள் எழும்பிற்று. சிமெண்டைக் குறைத்துவிட்டார்கள் என்றே முதலில் எண்ணினோம். பின்னர் விசாரித்தபொழுதுதான் உண்மை விளங்கிற்று: அங்கே மிகுந்தது தண்ணீர்.

கான்கிரீட் வெயிலில் காய்ந்து கெட்டியாகிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அன்று, சிமெண்டும் நீரும் வேதியியல் முறையில் கூடிப் புதுப்பொருளாகி, மணலையும் கருங்கல் சல்லியையும் இறுகப் பிணைக்கின்றன. 50 கிலோ சிமெண்டு மூட்டை ஒன்றிற்கு, மணலில் உள்ள ஈரத்தையும் சேர்த்து, ஏறத்தாழ 25 லிட்டர் நீர் போதும். மேலும் ஊற்றினால் கலவை கஞ்சிபோல் ஓடும். பரப்புவோருக்குக் கை நோகாது. ஆனால், அந்த மிகுதி நீர் பிறகு ஆவியாகி, தான் இருந்த இடத்தில் நுண்துளைகளை விட்டுச் செல்லும். தரை வலுவிழப்பதும் சுருங்கி வெடிப்பதும் இதனால்தான்.

கலவைக்கு முன்னரே கவனிக்க வேண்டியவையும் உண்டு. நிரப்பிய மண்ணை ஆறு அங்குலத்திற்கு ஒரு முறை திமிசுக் கட்டையால் நன்கு இடிக்க வேண்டும். இல்லையேல் மண் தாழும். தரையும் உடன் தாழும். கம்பிவலையை மண்மேல் கிடத்திக் கலவையைக் கொட்டுவது வீண் செலவு. அடியில் சிறு கான்கிரீட் கட்டைகள் வைத்து, நான்கு அங்குலத் தரையாயின் அதன் நடுவிற்குச் சற்று மேலே வலை நிற்குமாறு உயர்த்த வேண்டும்.

கலக்கும்பொழுது அளந்த நீரைத் தரை இறுகிய பின் தாராளமாகக் கொடுக்கலாம். குறைந்தது ஏழு நாள் அது ஈரமாகவே இருத்தல் வேண்டும். "மாலையில்தான் மழை பெய்கிறதே!" எனலாம். நம் நாட்டு நண்பகல் வெயில் மழைக்காகக் காத்திருப்பதில்லை. இறுகாத தரைமீது பெய்யும் மழையோ சிமெண்டையே கழுவிச் செல்லும். 28ஆம் நாள் அடையும் வலிமையையே பொறியியலாளர் கணக்கில் கொள்கின்றனர். அதுவரை பளுவான பொருள்களை ஏற்றாதிருப்பது நலம்.

அடுக்களைத் தரையை உடைத்து மீண்டும் போட்டபொழுது, நீரை வாளியால் அளந்தே ஊற்றச் செய்தோம். இறுகிய தரைமேல் பழைய சாக்குகளை விரித்தோம். அவற்றைக் காலையில் நனைப்பது எங்கள் வேலை. பள்ளி விட்டதும் நனைப்பது பிள்ளைகள் வேலை. ஏழாம் நாள் மாலைவரை ஒரு வேளையும் தவறவில்லை.