முகத்தில் சுருக்கம் விழுவது ஏன்?



வயசானா முகம் சுருங்கும் என்று எல்லோரும் சொல்கிறோம். வயசு மட்டும்தான் காரணமா? வாங்க, பார்க்கலாம்.

முதலில் ஒரு சோதனை

வீட்டில் உள்ள அம்மிச்சியிடமோ அப்பத்தாவிடமோ கேட்டுவிட்டு, அவங்க முன்கையின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். பிறகு ரவிக்கைக்குள் மறைந்திருக்கும் மேல்கையின் உள்பக்கத்தைப் பாருங்கள். எங்க அம்மிச்சி பல வருஷம் கடலைக்காட்டில் களை வெட்டியவர். அவர் முன்கை கோடும் புள்ளியுமாகத் தடித்திருக்கிறது. மேல்கை உள்பக்கம் தளர்ந்திருந்தாலும் வழுவழுன்னு இருக்கு. இரண்டு தோலுக்கும் ஒரே வயசுதான்! வித்தியாசம் வெயில்.

தோலுக்குள் என்ன இருக்கிறது?

மேல்தோலுக்கு அடியில் உள்தோல் இருக்கிறது. அதைப் பனியன் துணி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கொலாஜன் என்ற புரதம்தான் நூல், அது உறுதி தரும். எலாஸ்டின் என்ற புரதம் லைக்ரா மாதிரி, இழுத்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்ப வைக்கும். பழைய பனியனில் கழுத்துப் பட்டி தொளதொளன்னு ஆவது போல, இவை குறைந்தால் தோல் தொய்ந்து மடிப்பு விழும்.

காரணங்கள்

1. வயது: பெரியவர்களான பிறகு கொலாஜன் வருஷத்துக்குச் சுமார் 1 சதவீதம் குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால், முதல் 5 வருஷத்திலேயே சுமார் 30 சதவீதம் குறையலாம்.

2. வெயில்: இதில் உள்ள புற ஊதாக் கதிர்கள் இரண்டு வகை. யுவிபி மேல்தோலைச் சுடும். யுவிஏ உள்தோல் வரை போய், கொலாஜனை வெட்டும் நொதிகளைத் தூண்டிவிடும். யுவிஏ ஜன்னல் கண்ணாடியையும் தாண்டி வரும். அமெரிக்காவில் 28 வருஷம் லாரி ஓட்டிய 69 வயதுக்காரரின் படம் 2012-இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னத்தில் மட்டும் ஆழமான சுருக்கங்கள்! அங்கே டிரைவர் உட்காருவது இடது பக்கம். நம்ம ஊரில் வலது பக்கம்.

3. புகை: பீடி, சிகரெட் தோலுக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும்.

4. தசை அசைவு: சிரிப்பது, கண்ணை இடுக்குவது எல்லாம் நாளடைவில் கோடாகப் பதியும்.

கருப்பு நமக்குக் குடை

நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின். வெள்ளையானவர்களுக்கும் நமக்கும் மெலனின் தயாரிக்கும் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். நமக்கு அவை அதிகமாக மெலனின் தருகின்றன. அது புற ஊதாக் கதிரை உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் கருப்பானவர்களுக்குச் சுருக்கம் தாமதமாக வருகிறது.

அந்தக் குடையைத் தூக்கி எறியத்தானே சிவப்பழகு க்ரீம் வாங்குகிறோம்? சில க்ரீம்களில் பாதரசம் கலக்கிறார்கள். அது மெலனின் உருவாவதைத் தடுக்கும், தோல் வழியாக உடம்புக்குள்ளும் போகும். கேரளாவில் மலப்புறம் மாவட்டத்தில் 2021 முதல் 2023 வரை ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு அந்த நோயின் அபூர்வமான வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். சேர்த்து வைத்த காசில் நோயை வாங்கலாமா?

நாம் செய்ய வேண்டியது

* காலை 10 மணியிலிருந்து மாலை 3 மணி வரை முடிந்தவரை நிழலில் இருங்கள். வெளியே போனால் குடை, தொப்பி, துப்பட்டா வேண்டும்.
* காட்டு வேலைக்குப் போகும் பெண்கள் சேலைமேல் முழுக்கைச் சட்டை போடுவது நல்ல அறிவியல். கேலி செய்யாதீர்கள்.
* நெருக்கமாக நெய்த, அடர்நிறத் துணி கதிரை அதிகம் தடுக்கும். மெல்லிய வெள்ளைப் பனியன் குறைவாகவே தடுக்கும்.
* தயாரித்தவர் பெயர், முகவரி இல்லாத க்ரீமைத் தொடாதீர்கள்.

சுருக்கம் நோய் அல்ல. நம் வீட்டுப் பெரியவர்கள் முகத்தில் இருப்பதில் பாதி வயசு, மீதி நமக்காக அவர்கள் நின்ற வெயில். "கிழவி" என்று சிரிக்கும் முன் இதை நினைப்போம். நாளைக்கு அவர்கள் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு குடையை எடுத்துக் கொடுப்போம்!

– 9-ஆம் வகுப்பு மாணவி