எளியோர்க்கும் வானம்

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் சாலையில் அமைந்துள்ளது சாணார்பட்டி. அதுபோன்ற ஊர்களில் உழுது வாழும் மக்களுக்கு, வானூர்தி என்பது நெடுங்காலம் தலைக்குமேல் கடந்து செல்லும் ஓசையாகவே இருந்தது. அம்மக்களும் அதில் ஏறி அமர வேண்டும் என எண்ணியவர், தாமும் உழவராக வாழ்ந்த கேப்டன் ஜி. ஆர். கோபிநாத்.

1951ஆம் ஆண்டு பிறந்த கோபிநாத், கர்நாடக மாநிலம் ஹாசன் மாவட்டத்துக் கோரூரில் வளர்ந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். படைத்துறையில் சேர்ந்த கோபிநாத், 1971ஆம் ஆண்டு நடைபெற்ற இந்திய - பாகிஸ்தான் போரில் பங்கேற்றார். எட்டு ஆண்டுப் பணிக்குப் பின் விலகி ஊர் திரும்பினார்.

ஹேமாவதி ஆற்றின் குறுக்கே எழுந்த அணையால் குடும்ப நிலம் நீரில் மூழ்கியது. மாற்றாகக் கிடைத்ததோ வறண்ட நிலம். அங்கே கூடாரத்தில் தங்கி மண்ணைத் திருத்தினார், பட்டுப்புழு வளர்த்தார். இயற்கையைக் கெடுக்காத அம்முறைக்கு 1996இல் ரோலக்ஸ் விருது கிடைத்தது.

1997இல் படைத்துறை நண்பர் கே. ஜே. சாமுவேலுடன் இணைந்து, உலங்கு வானூர்திகளை வாடகைக்கு இயக்கும் நிறுவனத்தைத் தொடங்கினார். 2003 ஆகஸ்டில் ‘ஏர் டெக்கான்’ பிறந்தது. தொடக்க விழாப் பயணத்திலேயே வானூர்தியின் எந்திரம் தீப்பற்றியது. பயணிகள் உயிர் தப்பினர், கோபிநாத்தும் பின்வாங்கவில்லை.

கட்டணக் குறைப்பு வெறும் சலுகையன்று; தெளிவான கணக்கு. இலவச உணவு நிறுத்தப்பட்டது. இணையவழி விற்பனையால் முகவர் தரகு குறைந்தது. தரையில் நிற்கும் நேரம் குறைந்ததால், ஒரே வானூர்தி நாளொன்றுக்குப் பலமுறை பறந்தது. 48 இருக்கைகள் கொண்ட சிறிய வானூர்திகள் குறுகிய ஓடுபாதைகளிலும் இறங்கின. சிறு நகரங்கள் வான்வழியில் இணைந்தன. சில இருக்கைகள் ஒரு ரூபாய்க்கும் விற்கப்பட்டன.

எனினும், செலவுக்கு ஈடான வருவாய் கிட்டவில்லை. இழப்பு பெருகியது. 2008இல் நிறுவனம் கிங்ஃபிஷருடன் இணைந்தது. டெக்கான் என்னும் பெயர் மறைந்தது. ஆயினும், குறைந்த கட்டணச் சேவையே இன்று இந்திய வான்வழியில் பெரும்பான்மையாக விளங்குகிறது.

அவரது தன்வரலாற்று நூலைத் தழுவி, 2020இல் ‘சூரரைப் போற்று’ என்னும் தமிழ்த் திரைப்படம் வெளிவந்தது. அதன் நாயகன் சோழவந்தானைச் சேர்ந்தவனாகப் படைக்கப்பட்டான். கன்னட மண்ணின் கனவு தமிழ் மண்ணுக்கும் பொருந்தியதில் வியப்பில்லை. நிறுவனம் கைமாறலாம், ‘இவ்விருக்கை எனக்கும் உரியது’ என்று எளியோர் உள்ளத்தில் விளைந்த துணிவு கைமாறுவதில்லை.