ஆயில் பிரஷர் சென்சார்: கை எட்டாத மூலை

2007 முதல் 2013 வரை வந்த 5.3 லிட்டர் வி8 செவ்ரலே சில்வராடோ டிரக் வைத்திருக்கிறீர்களா? ஓடும்போது ஆயில் பிரஷர் முள் பூஜ்யத்துக்கு இறங்கினால், முதலில் இன்ஜினை நிறுத்துங்கள். ஆயில் அளவு சரியாக இருந்தாலும் உடனே சென்சார் மேல் பழி போடாதீர்கள். தனி கேஜ் மாட்டி உண்மையான அழுத்தத்தைப் பார்த்துவிடுங்கள்.

அழுத்தம் சரியாக இருந்தால் சென்சாரை மாற்றலாம். அது இருப்பது இன்ஜினின் பின்கோடியில், இன்டேக் மேனிபோல்டுக்குப் பின்னால். பார்த்துச் செய்யும் வேலையல்ல, தடவிச் செய்யும் வேலை. இன்ஜின் ஆறட்டும், பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். சுற்றியுள்ள தூசியைக் காற்றடித்து நீக்குங்கள், இல்லையென்றால் சென்சார் துளைக்குள் மண் விழும். கனெக்டரின் பூட்டை விடுவித்த பிறகே இழுங்கள். பழைய பிளாஸ்டிக், பட்டென்று உடையும். சென்சாரைக் கழற்ற 27 மி.மீ. ஆழ சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷனும் போதும். மேனிபோல்டைக் கழற்றாமலே பலர் முடித்துவிடுகிறார்கள்.

முக்கியமானது இனிதான். சென்சாருக்கு அடியில் சின்ன வலை வடிகட்டி ஒன்று உண்டு. அது அடைத்திருந்தால் புது சென்சாரும் குறைவாகத்தான் காட்டும். விலை சொற்பம், சேர்த்தே மாற்றிவிடுங்கள். புதிய சென்சாரை முதலில் கையால் திருகி, மரை சரியாகப் பிடித்த பிறகே சாக்கெட் போடுங்கள்.