ஓடும்போது மனம் எங்கே இருக்க வேண்டும்?

இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்துவிட்டால் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் மரதன் பேச்சுத்தான். எழுவான்கரையில் கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி வீதிகளிலும், படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயலோர வீதிகளிலும் பிள்ளைகள் நெஞ்சில் இலக்கத்தைக் குத்திக்கொண்டு ஓடுவார்கள். ஒலிம்பிக் மரதனின் 42.195 கிலோமீற்றர் இங்கே கிடையாது, சில கிலோமீற்றர்தான். ஆனாலும் நெடுந்தூரம் ஓடுவதென்றால் என்ன என்று இந்தப் பகுதியில் பலரும் முதன்முதலாக உடம்பால் அறிவது அந்த ஓட்டத்தில்தான். “பல்லைக் கடிச்சிக்கிட்டு ஓடு மனே, நோவ நினைக்காத” என்ற புத்திமதியும் அப்போதுதான் காதில் விழுகிறது.

வளர்ந்த பிறகு கிடைக்கும் புத்திமதி வேறு. காலையில் ஓடும் இளைஞர்கள் கைப்பேசிக் காணொளிகளிலிருந்து ‘மைண்ட்ஃபுல்னஸ்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். மனதை வெறுமையாக்கு, மூச்சை மட்டும் கவனி, மிச்சத்தை உடம்பு பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். முதலாவது உடம்பை மறக்கச் சொல்கிறது. இரண்டாவது உடம்புக்குள்ளேயே மூழ்கச் சொல்கிறது. இரண்டிலும் பிழை இருக்கிறது, அந்தப் பிழையைத் திருத்துவதில் வெற்றி தோல்வியைவிடப் பெரிய விடயம் அடங்கியிருக்கிறது. 2024 மார்ச் மாதம், வாவிக்குத் தெற்கே திருக்கோவிலில், பாடசாலை மரதன் ஓடிய மாணவர் ஒருவர் உயிரிழந்தார். கடும் வெயிலில் பிள்ளைகளை வெளிக்கள விளையாட்டுகளில் ஈடுபடுத்துவது பற்றிக் கல்வி அமைச்சு அறிவுறுத்தல் வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். அந்த மரணத்தின் காரணத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது இந்தப் பத்தியின் வேலையல்ல. ஓடும் பிள்ளைக்குத் தன் உடம்பைக் கவனிக்கச் சொல்லிக்கொடுத்தோமா என்ற கேள்வியை மட்டும் இனித் தள்ளிப்போட முடியாது.

“நல்ல ஓட்டக்காரர் நோவை மறந்து ஓடுவார்”

இந்த நம்பிக்கை விஞ்ஞானிகளிடமும் இருந்தது. 1975இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் அந்நாட்டின் முதல்தர நெடுந்தூர ஓட்டக்காரர்கள் ஆய்வுக்காகக் கூட்டப்பட்டார்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மரதன் தங்கம் வென்ற ஃபிராங்க் ஷோர்ட்டரும், ஸ்டீவ் பிரிஃபொன்டெய்னும் அவர்களில் இருந்தார்கள். ஓடும்போது மனதுக்குள் என்ன நடக்கிறது என்று அவர்களிடம் விசாரித்தவர் உளவியலாளர் வில்லியம் மோர்கன். சாதாரண ஓட்டக்காரர்கள் பழைய ஞாபகங்களை மீட்டுவார்கள், மனதுக்குள் பாட்டுக் கேட்பார்கள், எதையாவது கற்பனை செய்து நோவை மறப்பார்கள். முதல்தரக்காரர்கள் இதை இன்னும் திறமையாகச் செய்வார்கள் என்றுதான் அவர் எதிர்பார்த்தார்.

விசாரித்தபோது தெரிந்தது நேர்மாறு. அவர்கள் பாதத்தை, கெண்டைக்காலை, தொடையை, மூச்சை ஓயாமல் விசாரித்துக்கொண்டே ஓடினார்கள். தோள் இறுகினால் தளர்த்தினார்கள். பக்கத்தில் ஓடுபவரின் வேகத்துக்கு இழுபடாமல், தங்கள் உடம்பு சொன்னதை வைத்தே வேகத்தைக் கூட்டிக் குறைத்தார்கள். மோர்கனும் மைக்கேல் பொலொக்கும் 1977இல் வெளியிட்ட இந்த முடிவு பின்வந்த ஆய்வுகளால் பல இடங்களில் திருத்தப்பட்டிருக்கிறது. முதல்தரக்காரர்களும் சில வேளை மனதை வேறெங்காவது அனுப்புவார்கள், சாதாரண ஓட்டக்காரருக்கும் இலேசான பயிற்சி நாளில் பாட்டுக் கேட்பதால் கெடுதல் இல்லை. ஆனால் நோவை மறப்பதுதான் திறமை என்ற எண்ணம் அன்றே விழுந்துவிட்டது. நோவு ஒரு செய்தி. தசை களைத்துச் சுடுவது ஒரு வகை, முழங்காலில் ஒரே இடத்தில் ஊசிபோல் குத்துவது வேறு வகை. முதலாவதோடு ஓடலாம், இரண்டாவதோடு ஓடினால் பல வாரம் வீட்டில் இருக்க நேரும். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடும் பிள்ளைக்கு இந்த இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

“அப்படியானால் மூச்சிலேயே மனதை வைத்தால் சரி”

யோக வகுப்புக்குப் போய்வந்த பலர் நேர்மையாகவே நம்புவது இது. உட்கார்ந்து தியானம் பழகுபவருக்கு மூச்சு நல்ல பிடிமானம், அதில் சந்தேகமில்லை. ஓட்டத்தில் கதை மாறுகிறது. ஜெர்மனிய ஆய்வாளர் லிண்டா ஷூக்கரும் அவரது குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்கள் ஒரே வேகத்தில் மூன்று விதமாக ஓடினார்கள். ஒருமுறை கால் அசைவைக் கவனித்தார்கள், ஒருமுறை மூச்சைக் கவனித்தார்கள், ஒருமுறை திரையில் ஓடிய சுற்றுப்புறக் காட்சியைக் கவனித்தார்கள். சுற்றுப்புறத்தைக் கவனித்தபோதுதான் உடம்பு மிகக் குறைந்த ஒட்சிசனைச் செலவழித்தது. தானாக நடக்கும் வேலையில் மனம் கைவைத்தால் அந்த வேலை தடுமாறுகிறது. மூச்சைக் கவனிக்கப் போனவர் தன்னையறியாமல் அதை மாற்றவும் தொடங்கிவிடுகிறார்.

அதே குழுவினர் 2014இல் இன்னொரு வேறுபாட்டையும் காட்டினார்கள். மூச்சையும் அசைவையும் உற்றுக் கவனிப்பதுதான் செலவைக் கூட்டுகிறது. உடம்பு பொதுவாக எப்படி இருக்கிறது, களைப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு என்று உணர்ந்து பார்ப்பதால் அந்த அளவு கெடுதல் இல்லை. ஓடுபவருக்குப் பெரிதும் உதவும் வேறுபாடு இதுதான் என்பது என் எண்ணம். உடம்பிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்கலாம். எப்படி மூச்சுவிட வேண்டும் என்று அதற்கு வகுப்பெடுக்கத் தேவையில்லை.

கேட்டுவிட்டுப் பார்வையை வெளியே விட வாவிக்கரை மாதிரி இடம் வேறேது? கல்லடியில் 1920களில் கட்டிய பழைய இரும்புப் பாலம், 2013இல் திறந்த புதிய பாலத்துக்குப் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. விடிந்தும் விடியாத நேரத்தில் அந்தப் பக்கம் ஓடுகிறவருக்குக் கீழே தோணியில் நின்று வீச்சுவலையைத் தோளில் மடித்துப்போடும் மீனவர் தெரிவார். வலை விரிந்து நீரில் விழும் சத்தம், பாலத்தில் ஏறியதும் நெஞ்சில் மோதும் காற்று, கரையோரக் கண்டல் மரங்களின் சேற்று மணம், இவையெல்லாம் ஓட்டத்துக்கு இடையூறு என்று நினைத்து மனதை இழுத்துக் கட்டுகிறவர் தனக்குத்தானே நட்டம் செய்கிறார். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கவனிப்பதும் விழிப்புத்தான். திரும்பி வரும்போது அது முகத்தில் அடிக்குமா முதுகைத் தள்ளுமா என்று அறிந்தவர் போகும்போதே பலத்தைப் பங்கிட்டு வைப்பார்.

“மனம் வெறுமையாக வேண்டும்”

வெறுமையாகாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே மனதில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லச் செய்து ஒலிப்பதிவு செய்த ஆய்வொன்று 2017இல் வந்தது. வேகமும் தூரமும், நோவும் சங்கடமும், சுற்றுப்புறமும்தான் அந்த ஓட்டக்காரர்களின் பேச்சை நிறைத்திருந்தன. எண்ணம் வரும், அலையும். அலைந்துவிட்டது என்று கண்டுகொண்டு கோபிக்காமல் திரும்பி வருவதுதான் பயிற்சி. 1979இல் அமெரிக்க மருத்துவமனையொன்றில் ஜோன் கபட்-சின் நோயாளிகளுக்கு ‘மைண்ட்ஃபுல்னஸ்’ வகுப்பு நடத்தத் தொடங்கியபோது கற்பித்ததும் இதுதான். அதன் வேர் பௌத்த தியான மரபில் இருக்கிறது. இந்த நாட்டு விகாரைகளில் பிக்குகள் முன்னும் பின்னுமாக நடந்து பழகும் நடைத் தியானமும் அதே மரபுதான். கடல் கடந்து வந்த புதுமை என்று யாரும் மலைக்க வேண்டியதில்லை.

ஓடினால் எண்டோர்ஃபின் சுரந்து மனம் தானாக அமைதியாகிவிடும் என்பதும் இதோடு சேர்ந்து வரும் நம்பிக்கை. ஓடிய பின் வரும் களிப்பு உண்மைதான், காரணம்தான் பிழை. எண்டோர்ஃபினின் வேலையைத் தடுக்கும் மருந்து கொடுத்த பிறகும் ஓடியவர்களுக்கு அந்தக் களிப்பு வந்ததை 2021இல் வெளியான ஹம்பேர்க் ஆய்வு காட்டியது. உடம்பே உண்டாக்கும், கஞ்சாவின் வேதிப்பொருளை ஒத்த வேறு சில பொருள்களைத்தான் இப்போது காரணமாகச் சொல்கிறார்கள். களிப்பு வந்ததற்காக விழிப்பும் வந்துவிட்டது என்று எண்ணக்கூடாது. மிதப்பில் ஓடுகிறவர் உடம்பின் முறைப்பாட்டைக் கேட்காமலும் போகலாம்.

“கையில் மணிக்கூடு இருக்கிறது, அது சொல்லும்”

மணிக்கூடு வேகத்தைச் சொல்லும், வறண்ட கச்சான் காற்றின் சூட்டைச் சொல்லாது. வெயிலில் குருதியின் ஒரு பங்கு தோலைக் குளிர்விக்கப் போய்விடுவதால், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்க வேண்டியிருக்கிறது. குளிர்ந்த காலையில் இலகுவாக ஓடிய வேகம், வைகாசி ஆனி வெயிலில் அதே ஆளுக்கு அளவுக்கு மீறிய வேகம். எண்ணைத் துரத்துகிறவருக்கு இது பிடிபடாது. சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க் 6 முதல் 20 வரை ஓர் அளவுகோலை வகுத்தார். எவ்வளவு கடினமாக இருக்கிறது என்று ஓடுபவரே சொல்லும் எண் அது. எளிய கேள்வியாக இருந்தாலும் உலகமெங்கும் ஆய்வுகூடங்கள் அதை நம்புகின்றன. அதைவிட எளிய வழியும் உண்டு. பக்கத்தில் ஓடுபவரோடு ஒரு முழு வசனம் பேசிப் பாருங்கள். இடையில் மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் அது இலகுவான ஓட்டம். இரண்டு சொல்லோடு நின்றுவிட்டால், மணிக்கூடு என்ன காட்டினாலும் அது கடினமான ஓட்டம்.

தண்ணீரிலும் இதே கதை. ஓடும்போது தண்ணி குடிக்காதே என்பது பழைய தலைமுறை. எவ்வளவு முடியுமோ அவ்வளவு குடி என்பது அடுத்த தலைமுறை. 2002 பொஸ்டன் மரதனை முடித்தவர்களில் 488 பேரின் குருதியைப் பரிசோதித்தபோது 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. அளவுக்கு மீறிக் குடித்ததே முக்கிய காரணம். ஆரோக்கியமான பெரியவருக்குத் தாகம் நல்ல வழிகாட்டி, அந்தத் தாகத்தைக் கவனிக்க மனம் அங்கே இருந்தால் போதும்.

இந்த மண்ணில் நெடுந்தூரத்தை அறிந்தவர்கள் கதிர்காமப் பாதயாத்திரைக்காரர்கள். வடக்கே செல்வச்சந்நிதியில் புறப்பட்டு வரும் அடியார்களோடு மட்டக்களப்பு ஊர்களிலிருந்தும் சேர்ந்து, உகந்தை முருகன் கோயிலைத் தொட்டு, குமண, யால காடுகளைக் கடந்து நடக்கிறார்கள். பக்தியால் அவர்களுக்கு நோ தெரியாது என்று சொல்வது வழக்கம். அருகில் நடந்து பார்த்தால் தெரியும், தங்கள் உடம்பை அவர்கள் அளவுக்கு அறிந்தவர்கள் குறைவு. இருட்டோடு எழும்பி நடக்கிறார்கள். வெயில் ஏறியதும் மரநிழல் தேடிச் சாய்கிறார்கள். பாதத்தில் கொப்புளம் தட்டுகிறதா என்று தடவிப் பார்க்கிறார்கள். மூத்தவர் ஒருவர் பின்தங்கினால் கூட்டமே நடையைக் குறைக்கிறது. நேர்த்தியும் நிதானமும் அங்கே ஒன்றையொன்று மறுப்பதில்லை.

“ஆபத்தென்றால் உடம்பே சொல்லிவிடும்”

எல்லாவற்றிலும் ஆபத்தான நம்பிக்கை இதுதான். விழிப்பைப் பற்றி ஆர்வமாகப் பேசுகிறவர்களே இதைச் சொல்லும்போது பயமாக இருக்கிறது.

ஈரப்பதம் மிகுந்த நாளில் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். உடம்பு நனையும், ஆனால் குளிராது. கச்சான் அடிக்கும் நாளில் வியர்வை வந்த கணமே காய்ந்துவிடும், நமக்கு வியர்க்கவே இல்லை என்று ஓடுபவர் நினைப்பார். முதலாவதில் வியர்க்கிறதே என்று தைரியம் கொள்வார், இரண்டாவதில் நீர் இழப்பதே தெரியாது. அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. உடல் வெப்பநிலை 40 பாகை செல்சியஸைத் தாண்டும் வெப்ப அதிர்ச்சியில் தடுமாறுவது மூளை. கவனிக்க வேண்டிய உறுப்பே கெட்டுவிட்டால் கவனிப்பது யார்? அந்த நிலையிலும் சிலர் ஓடிக்கொண்டேயிருப்பார்கள். கேட்டால் “எனக்கொண்டுமில்ல சேர்” என்பார்கள். அந்தப் பதிலை நம்பக்கூடாது. அதனால் தன்னைக் கவனிப்பதை முதல் கிலோமீற்றரிலேயே தொடங்க வேண்டும். வெயிலில் திடீரெனக் குளிர்வது, மயிர்க்கூச்செறிவது, தலை இடிப்பது, ஓங்காளிப்பது, இவற்றில் ஒன்று வந்தாலே நின்றுவிட வேண்டும். நிற்கும் பிள்ளையை யாரும் கேலி செய்யாத பாடசாலையில்தான் இது நடக்கும்.

கடைசிக் கிலோமீற்றரில் அடுத்தவரின் கண்தான் காவல். தள்ளாடி வரும், கண் நிலைகுத்திய, கேள்விக்குப் பொருந்தாத பதில் சொல்லும் பிள்ளையைக் கண்டால் “இன்னும் கொஞ்சந்தான், ஓடு” என்று கத்தக்கூடாது. பெயரையும் வகுப்பையும் கேளுங்கள். தடுமாறினால் ஓட்டம் அங்கேயே முடிந்தது. நிழலுக்குத் தூக்கி, உடுப்பைத் தளர்த்தி, உடனே குளிர்விக்கத் தொடங்க வேண்டும். அமெரிக்காவின் ஃபால்மத் நகரில் ஓகஸ்ட் வெயிலில் நடக்கும் ஓட்டம் ஏறத்தாழ 11 கிலோமீற்றர்தான். அங்கே 18 ஆண்டுகளில் வெப்ப அதிர்ச்சிக்கு உள்ளான 274 பேரைக் குளிர்நீரில் அமிழ்த்திச் சிகிச்சை செய்தார்கள், அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

அதற்குப் பெரிய செலவு இல்லை. முடிவுக்கோட்டில் ஒரு தறப்பாள், சில பெட்டி ஐஸ், வாளிகளில் தண்ணீர் இருக்கட்டும். நாலைந்து பேர் தறப்பாளின் ஓரங்களைத் தூக்கிப் பிடித்தால் அதுவே தொட்டி. நினைவு தடுமாறிய பிள்ளையை அதில் கிடத்தி, தலை நீருக்கு மேலே இருக்க ஒருவர் தாங்கிக்கொள்ள, ஐஸ் தண்ணீரை ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். வாய்க்குள் தண்ணீர் ஊற்றக்கூடாது. வாவி பக்கத்தில்தானே என்று அதற்குள் இறக்கவும் கூடாது. ஒருவர் 1990க்கு அழைக்கட்டும். அம்புலன்ஸ் வரும்வரை குளிர்விப்பதை நிறுத்த வேண்டாம்.