கரியாலூர் இரவு கசக்காமல் இருக்க...

கள்ளக்குறிச்சி வெயிலை நம்பி ஒற்றைச் சட்டையோடு கல்வராயன் மலை ஏறுகிறவர்களுக்குத்தான் அங்குள்ள கரியாலூரின் இரவு கசக்கிறது. தங்கும் விடுதி அறையைக் குறை சொல்வதில் பாதி நியாயம் உண்டு. மீதிப் பாதி நம் பையில் இருக்கிறது. "இது என்ன ஊட்டியா?" என்று கேட்கலாம். ஊட்டி இல்லைதான். ஆனால் ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும் என்பது எல்லா மலைக்கும் பொது. அந்த மலையின் பெரியார் அருவியில் நனைந்த துணி ஈரக்காற்றில் விடிவதற்குள் காயாது. ஆகவே மாற்றுடை, காலுறை, காதை மூட ஒரு துண்டு மூன்றையும் பிளாஸ்டிக் உறையில் தனியே கட்டி வையுங்கள்.

"விடுதியில் கம்பளி தருவார்களே?" தரட்டும். தரையில் படுத்தால் குளிர் கீழிருந்தும் ஏறும். போர்த்துவது ஒன்று என்றால் விரிப்பது இரண்டாக இருக்கட்டும். பாய்மேல் ஜமுக்காளத்தை மடித்துப் போட்டாலே வித்தியாசம் தெரியும். குளிருக்குப் பயந்து கதவடைத்துக் கரியடுப்பு மூட்டுவது மட்டும் கூடவே கூடாது. அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும். பையில் சுமை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, ராத்தூக்கம் மிஞ்சும்.