சாயத்தண்ணியும் அம்மாவின் எலும்பும்

கேள்வி: முப்பது வருடம் மலையில் கொழுந்தெடுத்த அம்மாவுக்கு இப்போது 61 வயது. லயத்து வாசலில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. சாயத்தண்ணி குடித்துத்தான் எலும்பு கரைந்தது என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, ஹல்துமுல்லை

பதில்: சாயத்தண்ணி பாவம், அதன்மேல் பழி போடாதீர்கள். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரஜன் குறைவதால் எலும்பு வேகமாக மெலியும். நின்ற இடத்தில் விழுந்ததற்கே முறிவு என்றால் எலும்பு மெலிவு நோயான ஒஸ்டியோபொரோசிஸைச் சந்தேகிக்க வேண்டும். கைக்கு மாக்கட்டுப் போட்டதோடு விட்டுவிடாமல், எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் நோய்தான். இழுப்புக்கு நீண்டகாலம் ஸ்டீரோயிட் மாத்திரை எடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

சிகிச்சைக்கு வாரம் ஒருமுறை விழுங்கும் அலென்ட்ரோனேட் மாத்திரை தந்தால், காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு மட்டும். பிறகு அரை மணி நேரம் படுக்கக் கூடாது. தேநீருக்குத் தடை அந்த அரை மணிக்குத்தான்!

ஐம்பது தாண்டிய பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் கல்சியம் தேவை. ஆசிய நாடுகள் பலவற்றில் சராசரி 500ஐக்கூட எட்டுவதில்லை. 100 கிராம் குரக்கன் மாவில் 340 மில்லிகிராம் வரை உண்டு. முள்ளோடு தின்னும் நெத்தலி, எள்ளு, முடிந்தபோது பால், கொஞ்சம் வெயில், தினமும் நடை.

முதலில் அந்த வாசற்படிப் பாசியைச் சுரண்டிவிடுங்கள்.